டேங்கில் சுமந்த பயம்: ரேஸ் மேலாண்மை விளையாட்டில் ஒரு பெட்ரோல் கணக்கு

கோட்டைத் தாண்டியபோது என் காரின் டேங்கில் 7 லிட்டர் மிச்சம். எனக்கு முன்னால் முடித்தவருக்கும் எனக்கும் 6 விநாடி இடைவெளி. இந்த இரண்டு எண்களுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. "நல்லவேளை, பெட்ரோல் பற்றாக்குறை வரவில்லை" என்று நிம்மதியாக மடிக்கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

நான் ஆடுவது, ஸ்டீயரிங்கைத் தொடாமல் அணியை மட்டும் நடத்தும் வகை விளையாட்டு. இரண்டு கார், இரண்டு ஓட்டுநர், ஒரு பிட் குழு (ரேஸ் நடுவில் காரை நிறுத்தி டயர் மாற்றி, பெட்ரோல் ஊற்றுபவர்கள்). ரேஸ் ஓடும்போது நம் கையில் இருப்பது மூன்றே விஷயம்: எப்போது காரைப் பிட்டுக்கு உள்ளே கூப்பிடுவது, எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது, எஞ்சினை எந்த அளவுக்கு விரட்டுவது. எங்கள் லீக்கில் ரேஸ் நடுவில் பெட்ரோல் போட அனுமதி உண்டு. நிஜ ஃபார்முலா 1 (எஃப்1) ரேஸில் 1994 முதல் 2009 வரை அப்படித்தான் நடந்தது, 2010-இல் தடை வந்தது. தடைக்குப் பிறகு ரேஸ் பார்க்கத் தொடங்கிய என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமே இல்லை. பிட் ஸ்டாப் என்றால் டயர் மாற்றுவது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறேழு ரேஸ் வரை என் வழக்கம் இதுதான். ஒரு சுற்றுக்கு எவ்வளவு எரிகிறது என்று விளையாட்டு காட்டும் எண்ணைச் சுற்றுகளால் பெருக்குவேன், பாதுகாப்புக்கு மூன்று சுற்றுக்கான பெட்ரோலைச் சேர்ப்பேன், அந்தக் கூடுதலைத் தொடக்கத்திலேயே ஊற்றிவிடுவேன். அந்த மூன்று எங்கிருந்து வந்தது? பயத்திலிருந்து வந்தது. வேறு காரணம் கிடையாது.

அளந்து பார்த்த கதை

ஒரு வார இறுதியில் பயிற்சி ஓட்டம் முழுவதையும் வேகத்துக்குச் செலவழிக்காமல் அளவெடுக்க ஒதுக்கினேன். லீக் நண்பர் ஒருவர், "தகுதிச் சுற்றில் கடைசியில் நிற்கப் போகிறாய்" என்றார். கடைசி இல்லை, கடைசிக்கு முந்தைய இடம்.

முதலில் எடை. புது டயர் போட்டு 10 லிட்டரோடு ஐந்து சுற்று. மறுபடி அதே ரகத்தில் புது டயர் போட்டு 60 லிட்டரோடு ஐந்து சுற்று. முதல் சுற்றை இரண்டிலும் தள்ளிவிட்டு மீதியின் சராசரியைப் பார்த்தேன். ஓட ஓட பெட்ரோல் குறையும்தான், ஆனால் இரண்டு ஓட்டத்திலும் ஒரே அளவு குறைவதால் இடையிலுள்ள 50 லிட்டர் வித்தியாசம் அப்படியே நிற்கும். டயர் தேய்மானமும் அப்படித்தான். வித்தியாசம் 1.4 விநாடி வந்தது. அதாவது லிட்டருக்கு 0.028 விநாடி, ஒவ்வொரு சுற்றிலும். நிஜ எஃப்1-இல் 10 கிலோவுக்கு ஏறத்தாழ 0.3 விநாடி என்பார்கள், தடத்தைப் பொறுத்து மாறும். 10 கிலோ பெட்ரோல் கிட்டத்தட்ட 13 லிட்டர். அப்படிப் பார்த்தால் இந்த விளையாட்டு எடையைக் கொஞ்சம் கூடுதலாகவே தண்டிக்கிறது.

அடுத்தது ஊற்றும் வேகம். பயிற்சியில் காரை உள்ளே கூப்பிட்டு டயர் மாற்றத்தோடு 20, 40, 60 லிட்டர் என்று மூன்று தடவை ஊற்றினேன். கார் நின்ற நேரம் 3.5, 5.0, 7.5 விநாடி. பின்னிரண்டும் சரியாக விநாடிக்கு 8 லிட்டர். (அந்தக் காலத்து எஃப்1 குழாய் ஏறத்தாழ 12 லிட்டர் தள்ளும்.) முதலாவதுதான் இடித்தது. 20 லிட்டருக்கு 2.5 விநாடி போதுமே, ஏன் 3.5? கொஞ்ச நேரம் விழித்துவிட்டு அப்புறம்தான் பிடிபட்டது. டயரும் பெட்ரோலும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, எது மெதுவோ அதற்காகத்தான் கார் காத்திருக்கிறது. டயருக்கு எப்படியும் 3.5 விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் 28 லிட்டர் இலவசமாக ஏறிவிடும். அதற்கு மேல்தான் ஒவ்வொரு லிட்டருக்கும் 0.125 விநாடி கூலி.

பிட் லேனுக்குள், அதாவது பிட்டுக்குப் போய் வரும் தனிப் பாதைக்குள், வேகக் கட்டுப்பாட்டில் ஊர்ந்து போய் வெளியே வரும் இழப்பையும் எடுத்தேன். உள்ளே வரும் சுற்றையும் வெளியே போகும் சுற்றையும் கூட்டி, அதிலிருந்து இரண்டு சாதாரணச் சுற்றையும் நின்ற நேரத்தையும் கழித்தால் 19 விநாடி. டயர் தேய்மானம் ஒரு சுற்றுக்கு 0.06 விநாடி வீதம் ஏறியது. சாதாரண எஞ்சின் நிலையில் சுற்றுக்கு 2.4 லிட்டர் எரிந்தது.

இப்போது அந்த 7 லிட்டருக்கு வருவோம். மூன்று சுற்றுப் பயம் என்றால் 7.2 லிட்டர். அதைத் தொடக்கத்தில் ஊற்றி 54 சுற்றும் சுமந்து, கடைசியில் அப்படியே மிச்சம் வைத்திருக்கிறேன். 7.2 × 0.028 × 54. எக்செல் 10.9 என்று காட்டியது.

10.9 விநாடி. நான் தோற்றது 6 விநாடியில்.

எத்தனை தடவை நிற்பது

இது எளிதாக முடிந்துவிட்டது, அதனால் வேகமாகவே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரெட்ஷீட்டில் மூன்று வரி. ஒவ்வொன்றிலும் எடையால் இழக்கும் நேரம், டயர் தேய்வதால் இழக்கும் நேரம், பிட்டில் இழக்கும் நேரம், மூன்றின் கூட்டுத்தொகை. ஒரு ஸ்டாப் என்றால் 118.2 விநாடி. இரண்டு என்றால் 109.0. மூன்று என்றால் 113.8. ஆக, இரண்டு. ஒரு ஸ்டாப்பில் டயர் 27 சுற்று ஓட வேண்டியிருக்கும், அந்த ரகம் 24-க்கு மேல் திடீரென்று விழுந்துவிடும் என்பதைச் சேர்த்தால் அது இன்னும் மோசம்.

சும்மா ஒரு ஆர்வத்தில் அந்த 19-ஐக் குறைத்துக்கொண்டே வந்தேன். 14-க்கு வந்ததும் மூன்று ஸ்டாப் 0.2 விநாடியில் முந்திவிட்டது. 2004-இல் பிரான்சின் மன்யி-கூர் தடத்தில் மைக்கேல் ஷூமாக்கர் நான்கு தடவை நின்று ஜெயித்த ரேஸைப் பற்றிப் படித்தபோதெல்லாம் அதை ஏதோ மந்திரம் மாதிரி நினைத்திருக்கிறேன். அங்கே பிட் லேன் குட்டை, உள்ளே போய் வருவதற்கான விலை குறைவு. அந்த ஒரு கட்டத்தில் சின்ன எண்ணைப் போட்டதும் என் சாதாரண ஷீட்டே கூடுதல் ஸ்டாப் பக்கம் சாய்கிறது. அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு தடத்திலும் நான் முதலில் அளப்பது பிட் லேனைத்தான்.

எந்தச் சுற்றில் நிற்பது

இங்கேதான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன்.

54 சுற்றை 18-18-18 என்று சமமாகப் பிரிப்பதுதான் சரி என்று முதலில் பட்டது. ஆனால் தொடக்கத்தில் ஊற்றும் பெட்ரோலுக்கு நிற்கும் நேரம் கிடையாது, அது கராஜிலேயே ஏறிவிடுகிறது. அதனால் முதல் பகுதி கொஞ்சம் நீளமாக இருந்தால் லாபம். எண்களை மாற்றி மாற்றிப் போட்டதில் 20-17-17 வென்றது. எவ்வளவில் தெரியுமா? 0.2 விநாடி. இதற்காகவா இரண்டு மணி நேரம் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

எரிச்சலோடு மூடப் போகும்போதுதான் அதன் மறுபக்கம் கண்ணில் பட்டது. சரியான சுற்றைக் கண்டுபிடித்து 0.2 விநாடிதான் லாபம் என்றால், தவறான சுற்றில் நின்றாலும் பெரிய நஷ்டம் இருக்கக் கூடாதே. போட்டுப் பார்த்தேன். 20-க்குப் பதில் 17-இல் நிற்பதாக வைத்து அதற்கேற்ப ஊற்றினால் நஷ்டம் 0.65 விநாடி. 16-இல் நின்றால் 1.2. அவ்வளவுதான். மெதுவான கார் ஒன்றின் பின்னால் மாட்டினால் சுற்றுக்கு 0.8 விநாடி போகிறது, இதையும் பழைய ரேஸ் பதிவுகளிலிருந்து எடுத்தேன். அப்படியென்றால் ஒருவர் பின்னால் இரண்டு சுற்று முட்டிக்கொண்டு நிற்பதைவிட நான்கு சுற்று முன்கூட்டியே உள்ளே வந்துவிடுவது மேல். எந்தச் சுற்றில் நிற்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது டேங்க் இல்லை, எனக்கு முன்னால் யார் ஓடுகிறார் என்பது.

முன்கூட்டி நிற்பது மலிவு. தள்ளிப் போடுவது அப்படியில்லை, அதற்குப் பெட்ரோலை முதலிலேயே ஊற்றியிருக்க வேண்டும். இரண்டு சுற்று தள்ளிப் போகும் வசதி வேண்டும் என்று 4.8 லிட்டர் கூடுதலாக ஏற்றிவிட்டு, கடைசியில் 20-இலேயே நின்றுவிட்டால் 2.1 விநாடி தண்டம். நான் அந்த வசதியை வாங்குவதில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் கையோடு வந்தது. முதல் பகுதியில் பாதுகாப்புக்கு என்று ஒரு சொட்டுகூடக் கூடுதலாக வேண்டாம்! கணக்குத் தப்பி ஒரு சுற்றுக்கான பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும்? ஒரு சுற்று முன்னாலேயே உள்ளே வருவேன். நஷ்டம் அரை விநாடிகூட இல்லை. இரண்டாவது பகுதிக்கும் அதே கதை. தப்பிக்க வழியில்லாதது கடைசிப் பகுதி மட்டும்தான். ஆகவே பயத்தை அங்கே வைத்துக்கொண்டால் போதும். கடைசி ஸ்டாப்பில் 1.5 லிட்டர் கூடுதல், அதை 17 சுற்று சுமக்க 0.7 விநாடி, ஊற்ற 0.2 விநாடி, மொத்தம் 0.9. பழைய பயத்தின் விலை 10.9.

ஏன் 1.5? எங்கள் விளையாட்டில் கோட்டைத் தாண்டினால் போதும், டேங்க் காலியாக இருந்தாலும் கேட்பாரில்லை. நிஜத்தில் அப்படி விட மாட்டார்கள். 2021 ஹங்கேரி ரேஸில் இரண்டாவதாக வந்த செபாஸ்டியன் வெட்டல் தகுதி இழந்தார். சோதனைக்கு 1 லிட்டர் எடுக்க வேண்டிய இடத்தில் அவர் காரிலிருந்து 0.3 லிட்டர்தான் எடுக்க முடிந்தது. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. கடைசிப் பகுதியில் கணக்குக்கும் நிஜத்துக்கும் இடையே நான் பார்த்த மிகப் பெரிய வித்தியாசம் 1.2 லிட்டர். அதன் மேல் கொஞ்சம் வைத்தேன். இதிலும் அந்த 0.3 பழைய பயத்தின் மிச்சம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு சின்ன ஓட்டை: ரேஸ் தொடங்குமுன் ஓடும் அறிமுகச் சுற்று 1.3 லிட்டர் குடிக்கிறது. விளையாட்டின் பெட்ரோல் திரையில் இது எங்குமே சொல்லப்படவில்லை. முதல் இரண்டு தடவை என் கணக்கு அரைச் சுற்று குறைந்து போனது இதனால்தான். ஆக முதல் ஊற்று 20 × 2.4, அதோடு 1.3, மொத்தம் 49.3 லிட்டர்.

அவசரப்பட்டு என்ன லாபம்

பிட் குழுவுக்கு மூன்று கட்டளைகள் உண்டு: நிதானம், வழக்கம், அவசரம். டயர் மாற்ற முறையே 4.4, 3.5, 2.9 விநாடி. அவசரத்தில் போனால் நட்டு மாட்டிக்கொள்வது, குழாய் கழலாமல் இருப்பது மாதிரி ஏதாவது அவ்வப்போது நடக்கும். நான் எப்போதும் அவசரம்தான். மற்றவர்களைவிட அரை விநாடியாவது முந்த வேண்டாமா?

மேலே எழுதிய கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நான் ஊற்றுவது 40.8 லிட்டர். அதற்கு 5.1 விநாடி ஆகும். டயர் 2.9-இல் முடிந்தாலும் 4.4-இல் முடிந்தாலும் கார் 5.1 வரை நிற்கத்தான் போகிறது. இத்தனை ரேஸாக எந்த லாபமும் இல்லாமல் ஆபத்தை மட்டும் விலைக்கு வாங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து நிதானம்தான். டயர் வேகத்துக்கு என்று குழுவின் பயிற்சியில் கொட்டிய புள்ளிகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, அவற்றைத் திருப்பி எடுக்க முடியாது.

குழாய் கழலாத விபத்து விளையாட்டில் வெறும் 6 விநாடி அபராதமாக வந்து போகும். 2008 சிங்கப்பூரில் முன்னணியில் இருந்த ஃபெலிப்பே மாஸா குழாயோடு கிளம்பிப் போன காட்சியைப் பார்த்தவர்களுக்கு அதன் நிஜ விலை தெரியும். அந்த ரேஸில் அவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

விரட்டுவது எப்போது

எஞ்சினுக்கு ஐந்து நிலைகள். மூன்றாவது சாதாரணம், 2.4 லிட்டர். ஐந்தாவதில் 2.95 லிட்டர் எரியும், சுற்றுக்கு 0.22 விநாடி வேகம் கூடும். முதல் நிலையில் 2.05.

எல்லாரும் செய்வதையே நானும் செய்துவந்தேன்: முதலில் சேமித்து வைத்து, நிற்பதற்கு முந்தைய நாலைந்து சுற்றில் போட்டு விரட்டுவது. தொலைக்காட்சியில் ரேஸ் பார்ப்பவர் யாருக்கும் அதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் கடைசியில் எரிக்கப் போகும் 0.55 லிட்டரை அதுவரை சுமக்க வேண்டுமே. 17 சுற்றுப் பகுதியின் கடைசிச் சுற்றில் விரட்டுவதற்கு, ஊற்றிய கூலி 0.07, சுமந்த கூலி 0.25, ஆக 0.32 விநாடி செலவு. வரவு 0.22. நஷ்டம்! அதே 0.55 லிட்டரைப் பிட்டிலிருந்து வெளியே வந்த கையோடு எரித்தால் சுமக்கிற கூலியே கிடையாது. 0.07 கொடுத்து 0.22 வாங்குகிறேன். பத்தாவது சுற்று வாக்கில் வரவும் செலவும் சமமாகிவிடுகிறது.

அதனால் இப்போது பிட்டிலிருந்து வெளியே வந்ததும் ஐந்து, ஒன்பது சுற்று கழித்து மூன்று. முன்னால் யாரையாவது தாண்ட வேண்டியிருந்தால் இதெல்லாம் செல்லாது, தாண்டுவதுதான் முக்கியம். இந்தத் திட்டத்தோடு ஊற்றும் அளவு பகுதிக்கு 5 லிட்டர் கூடும், அதை மறந்துவிடக் கூடாது. நான் ஒரு தடவை மறந்தேன். அந்தக் கதைதான் அடுத்தது.

பச்சை எண்

கடைசிப் பகுதி. நான்காவது இடம். ஒன்பது சுற்று விரட்டியாகிவிட்டது, அதற்குரிய பெட்ரோலைச் சேர்க்க மறந்ததால் கொஞ்சம் பற்றாக்குறை. சமாளிக்க வழி யோசித்துக்கொண்டிருந்தபோது யாரோ சுவரில் மோதி, எல்லாரையும் தன் பின்னால் மெதுவாக ஓட வைக்கும் சேஃப்டி கார் வந்தது. நாலு சுற்று ஊர்வலம். சேஃப்டி காரின் பின்னால் சுற்றுக்கு 1.2 லிட்டர்தான் எரியும். "தெய்வம் கண் திறந்தது" என்று நினைத்தேன்.

சேஃப்டி கார் விலகியபோது டேங்கில் 18 லிட்டர், மிச்சம் 8 சுற்று. திரையில் பச்சை நிறத்தில் +4.5 சுற்று. நாலரைச் சுற்றுக்கு உபரி இருக்கிறதாம்! உடனே ஐந்தாவது நிலைக்கு ஏற்றினேன். அடுத்த சுற்றில் +2.7. அதற்கடுத்த சுற்றில் +0.4, இன்னும் பச்சைதான். மூன்றாவது இடத்தில் இருந்தவரின் பின்புறத்தை என் கார் முகர்ந்துகொண்டிருந்தது, என் கண் அங்கேதான். இடையில் ஒரு சுற்று கழிந்தது, நான் பார்க்கவில்லை. பார்த்தபோது சிவப்பில் −1.6. டேங்கில் 6.2 லிட்டர், மிச்சம் நாலு சுற்று. முதல் நிலைக்கு இறக்கினாலும் 8.2 வேண்டும்.

வேறு வழியில்லை. உள்ளே கூப்பிட்டு 4 லிட்டர் ஊற்றினேன். அரை விநாடி வேலை. ஆனால் பிட் லேன் தன் 19 விநாடியை வாங்கிக்கொண்டது. சேஃப்டி காருக்குப் பிறகு எல்லாக் காரும் ஒட்டிக்கொண்டு ஓடும் நேரம் அது. நான்காவதாக உள்ளே போன கார் பதின்மூன்றாவதாக வெளியே வந்தது.

ரேஸ் பதிவைப் பிறகு சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் பார்த்தேன். அந்தப் பச்சை எண், கடைசி ஐந்து சுற்றில் எரிந்ததன் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சேஃப்டி காரின் பின்னால் ஊர்ந்த நாலு சுற்றும் அந்தச் சராசரிக்குள் உட்கார்ந்துகொண்டு அதை 1.44 லிட்டருக்கு இறக்கிவிட்டன. 18-ஐ 1.44-ஆல் வகுத்தால் 12.5 சுற்று வரத்தானே செய்யும். உண்மையில் அந்த 18 லிட்டருக்கு இரண்டாவது நிலையில் ஓடினால் 0.4 லிட்டர் மிச்சத்தோடு முடித்திருக்கலாம், சாதாரண நிலைக்கே அது போதாது. இன்னும் கொடுமை என்னவென்றால், +0.4 என்று பச்சையில் சிரித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே கதை முடிந்துவிட்டது. அப்போது டேங்கில் இருந்தது 12.1, ஆறு சுற்றை முதல் நிலையில் ஓட்ட வேண்டியது 12.3.

விளையாட்டைக் குறை சொல்லவும் முடியவில்லை. அது பொய் சொல்லவில்லை, நேற்று நடந்ததைத்தான் சொன்னது. நாளைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? மூன்று சுற்றுப் பயத்தோடு ஓடியிருந்தால் இது நடந்திருக்காது என்பதும் உண்மைதான். ஒரு நாள் முழுக்கப் பழையபடி கூடுதலாக ஊற்றிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு கூட்டிப் பார்த்தேன். ரேஸுக்குப் பத்து விநாடி என்று ஒவ்வொரு தடவையும் கட்டி வந்தது எத்தனை இடங்களைத் தின்றிருக்கும்? பயம் பக்கம் திரும்பவில்லை.

மாற்றியது திரையைப் பார்க்கும் பழக்கத்தை. இப்போது ஷீட்டில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டேங்கில் உள்ள லிட்டரையும் மிச்சச் சுற்றையும் தட்டினால் சுற்றுக்கு எத்தனை லிட்டர் செலவழிக்கலாம் என்று வரும். அதை ஐந்து நிலைகளின் எண்களோடு நேரடியாக ஒப்பிட்டுக்கொள்வேன். 18-ஐ 8-ஆல் வகுத்தால் 2.25. அது 2.4-க்குக் கீழே, 2.2-க்கு மேலே. ஆகவே இரண்டாவது நிலை. முடிந்தது. பச்சை எண் இருக்கும் மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டேன். விளையாட்டில் அதை மறைக்க வசதி இல்லை, பசை நாடாவுக்கு வசதி இருக்கிறது.

போன ரேஸ்

இரண்டு காரையும் ஒரே சுற்றில் கூப்பிட்டால் இரண்டாவது கார் முதலாவதன் பின்னால் வரிசையில் நின்று 5 விநாடி இழக்கும். முன்கூட்டி நிற்பது மலிவு என்று தெரிந்த பிறகு இது ஒரு பிரச்சினையே இல்லை. முதல் காரை 20-இல் வைத்து, இரண்டாவதை 18-இல் கூப்பிட்டேன். சுற்று 15-இல் முதல் கார் ஒரு மெதுவான காரின் பின்னால் மாட்டியது. பழைய நானாக இருந்தால், 20 என்று எழுதியிருக்கிறதே என்று அதன் பின்னாலேயே ஐந்து சுற்று ஓட்டியிருப்பேன். 16-இல் உள்ளே இழுத்தேன். டேங்கில் 10 லிட்டர் சொச்சம் இருந்தபோதே நிற்பது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் நான்கு சுற்றுக்கு எரிய வேண்டியது வீணாகப் போகவில்லை, அந்த அளவு குறைத்து ஊற்றினால் சரி. வெளியே வந்தபோது முன்னால் தடம் காலி. ஐந்தாவது நிலையில் ஒன்பது சுற்று. அந்த மெதுவான கார் 21-இல் பிட்டுக்குப் போய் வந்தபோது என் கார் அதைவிட 5 விநாடி முன்னால் இருந்தது.

முதல் கார் மூன்றாவது. முடிவில் டேங்கில் 0.9 லிட்டர். இரண்டாவது கார் எட்டாவது, அதற்குக் காரணம் பெட்ரோல் இல்லை, தொடக்கத்திலேயே முன் இறக்கை உடைந்தது.

மழையைத்தான் இன்னும் அளக்கவில்லை. ஈரத்தில் சுற்று நேரம் கூடும், எரிவது குறையும், எவ்வளவு என்று தெரியாது. ஷீட்டில் அந்த வரி காலியாகக் கிடக்கிறது. அடுத்த ரேஸுக்கு வானிலைத் திரை 60 சதவீதம் மழை என்கிறது. பயிற்சி நாளன்று மட்டும் வெயிலாம்.